அந்தரங்க விவகாரம் அம்பலமானால் அரசியல்வாதி என்ன சொல்லலாம், என்ன சொன்னால் மாட்டிக்கொள்வார்?

வடக்குவீதி (கேள்வி):

நெருக்கடிக் கால ஊடகப் பயிற்சி என்று யார் நடத்தினாலும் ஒரே மந்திரம்தான்: முதல் நாளே ஒப்புக்கொள், மன்னிப்புக் கேள், அடுத்த வேலையைப் பார். நடந்த கதைகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் இந்த மந்திரம் இடிக்கிறது. பில் கிளின்டன் 1998 ஜனவரியில் மறுத்தார், ஏழு மாதம் அதிலேயே நின்றார், பதவியில் தப்பினார். நியூயார்க் ஆளுநர் எலியட் ஸ்பிட்சர், விபசார ஏஜென்சியின் வாடிக்கையாளர் என்று 2008 மார்ச்சில் செய்தி வந்த அன்றே மன்னிப்புக் கேட்டார், மூன்றாம் நாள் ராஜினாமா. 1963இல் பிரிட்டிஷ் அமைச்சர் ஜான் ப்ரொஃப்யூமோ மறுத்தார், தொலைந்தார். 1992இல் பிரிட்டனின் லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவர் பேடி ஆஷ்டவுன் ஒப்புக்கொண்டார், கட்சித் தலைவராகவே நீடித்தார்.

அப்படியானால் சொல்லும் வார்த்தைக்கு மதிப்பே இல்லையா? கேட்க விரும்புவது மூன்று: (1) ஓர் அறிக்கை வார்த்தை அளவில் எங்கே உடைகிறது? (2) மான நஷ்ட வழக்குப் போடுவது உதவுமா? (3) மேடையில் மனைவியை நிறுத்துவது பற்றி. லஞ்சம், டெண்டர் சமாசாரம் வேண்டாம்; தனிப்பட்ட வாழ்க்கை விவகாரங்கள் மட்டும். அமெரிக்க, பிரிட்டிஷ் உதாரணங்கள் என்றால் விசாரணை அறிக்கை, நாடாளுமன்றப் பதிவு எல்லாம் பொதுவில் கிடைக்கும், சரிபார்க்கலாம்.

குறுக்குவிசாரணை:

கிளின்டனில் இருந்தே தொடங்கலாம். பொதுவாக எல்லாரும் 1998 ஜனவரி 26 வீடியோவை மட்டும் பார்க்கிறார்கள். வெள்ளை மாளிகைப் பயிற்சி ஊழியராக இருந்த மோனிகா லெவின்ஸ்கியைப் பற்றி, விரலை நீட்டி "அந்தப் பெண்ணுடன் பாலுறவு வைத்துக்கொள்ளவில்லை" என்று சொன்ன காட்சி. பள்ளி முடிந்தபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் திட்டம் பற்றிய நிகழ்ச்சியின் கடைசியில் சொன்னது. ஆனால் அவரைக் கட்டிப்போட்டது அந்த வாக்கியம் இல்லை. அதற்கு ஒன்பது நாள் முன்பு, ஜனவரி 17 அன்று, பாலா ஜோன்ஸ் என்ற பெண் அவர் மேல் போட்ட பாலியல் தொல்லை வழக்கில் சத்தியப் பிரமாணத்தின் பேரில் கொடுத்த வாக்குமூலம்.

அந்த வாக்குமூலத்தில் "பாலுறவு" என்ற சொல்லுக்கு எதிர்த்தரப்பு வக்கீல்கள் மூன்று பகுதியாக ஒரு வரையறை எழுதிக் கொண்டுவந்தார்கள். நீதிபதி சூசன் வெப்பர் ரைட் இரண்டை அடித்துவிட்டு முதல் பகுதியை மட்டும் வைத்தார். மிச்சமிருந்த அந்த வரையறையின்படி தான் செய்தது அதற்குள் வராது என்பதுதான் கிளின்டனின் பிடிமானம். அன்றைக்கு அந்த ஓட்டையில் நுழைந்தவர், அதற்குப் பிறகு தொலைக்காட்சியில் வேறு எதுவும் சொல்ல முடியாது. சத்தியம் செய்து ஒன்று சொல்லிவிட்டு, கேமரா முன்னால் இன்னொன்று சொன்னால் அது தானே போய்ப் பொய்ச்சாட்சி வழக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

ஜனவரி 21 அன்று தொலைக்காட்சி நிருபர் ஜிம் லெரருக்குக் கொடுத்த பேட்டியைக் கவனியுங்கள். முறையற்ற உறவு "இல்லை" என்று நிகழ்காலத்தில் பதில். "உறவு இல்லை" என்பதற்கும் "உறவு இருந்ததே இல்லை" என்பதற்கும் நடுவில் ஒரு லாரி போகும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. நிருபர்கள் அன்றே அதைப் பிடித்துவிட்டார்கள். அதனால்தான் ஐந்து நாள் கழித்து இன்னும் அழுத்தமாக மறுக்க வேண்டி வந்தது. மழுப்பலான முதல் மறுப்பு இப்படித்தான் வேலை செய்யும். அடுத்த மறுப்பைக் கெட்டியாக்கச் சொல்லிப் பிடித்துத் தள்ளும்.

ஆலோசகர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் வேறு. கிளின்டன் தன் உதவியாளர்களிடமும் அதே பொய்யைச் சொன்னார். அவர்கள் பிறகு பெருநடுவர் குழு (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) முன் சாட்சியாகப் போனபோது அதைத் திருப்பிச் சொன்னார்கள். நீதிக்குத் தடை என்ற கண்டனத் தீர்மானத்தில் (அதிபரைப் பதவி நீக்க விசாரணைக்கு அனுப்பும் தீர்மானம்) இதுவும் ஒரு குற்றச்சாட்டாகச் சேர்ந்தது. வீட்டுக்குள் சொன்ன பொய் சாட்சியைக் கலைத்த கணக்கில் போய்விட்டது. வெள்ளை மாளிகை அரசு வக்கீல்களிடம் பேசியதும் பாதுகாப்பில்லை. அப்படி ஒரு வக்கீலான புரூஸ் லிண்ட்சே விஷயத்தில் 1998 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசு வக்கீலுடனான பேச்சைப் பெருநடுவர் குழுவிடம் மறைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஆக, உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே இடம் சொந்தச் செலவில் வைத்த வக்கீல். பத்திரிகைச் செயலர் மைக் மெக்கரி, "நீங்கள் செய்தீர்களா?" என்று அதிபரிடம் கேட்காமலே இருந்தார். கோழைத்தனம் இல்லை, தொழில் சாமர்த்தியம். தெரியாததைச் சாட்சி சொல்ல முடியாது.

ஏழு மாதம் தள்ளியதில் அவருக்குக் கிடைத்தது நேரம். அவருடைய தேர்தல் ஆலோசகர் டிக் மாரிஸ் ஜனவரியில் ரகசியமாக எடுத்த கருத்துக்கணிப்பில், கள்ள உறவை மக்கள் மன்னிப்பார்கள், பொய்ச்சத்தியத்தை மன்னிக்க மாட்டார்கள் என்று வந்தது. அந்த நேரத்துக்குள் பொருளாதாரம் நன்றாக ஓடியது, விசாரணை நடத்திய சிறப்பு வழக்கறிஞர் கென்னத் ஸ்டார் மேல் மக்களுக்கு எரிச்சல் ஏறியது. டிசம்பர் 19 அன்று கீழவை கண்டனத் தீர்மானம் நிறைவேற்றிய கையோடு காலப் என்ற நிறுவனம் எடுத்த கணிப்பில் 73 சதவீத ஆதரவு. அதற்காக மறுப்பு வென்றது என்று சொல்ல மாட்டேன். நீதிமன்ற அவமதிப்புக்கு சுமார் 90,000 டாலர், அர்கன்சாவில் வக்கீல் உரிமம் ஐந்து ஆண்டு நிறுத்தம், ஜோன்ஸுக்கு 8,50,000 டாலர் சமரசத் தொகை. எல்லாம் அந்த ஒரு நாள் வாக்குமூலத்தின் பில்.

பழையநாளிதழ்:

ப்ரொஃப்யூமோ விஷயத்தில் அந்த இரவைப் பார்த்தால் போதும், எப்படி ஓர் அறிக்கை தயாரிக்கக் கூடாது என்று தெரிந்துவிடும். 1963 மார்ச் 21 இரவு ஜார்ஜ் விக் என்ற தொழிற்கட்சி உறுப்பினர், மான நஷ்ட வழக்கு தொட முடியாத அவைப் பாதுகாப்பில் நின்று, ஓர் அமைச்சரைப் பற்றிய வதந்தியை எழுப்பினார். பெயர் சொல்லவில்லை. போர்த்துறை அமைச்சர் ப்ரொஃப்யூமோ தூக்க மாத்திரை போட்டுப் படுத்திருந்தவர். விடியுமுன் எழுப்பிக் கூட்டிவந்தார்கள். அரசின் இரண்டு சட்ட அதிகாரிகள், தலைமைக் கொறடா, இன்னும் இரண்டு அமைச்சர்கள், எதிரில் அரைத் தூக்கத்தில் இவர். அதே நாள் காலை 11 மணிக்கு அவையில் படிக்க வேண்டும் என்று முடிவு. கிறிஸ்டின் கீலர் என்ற இளம்பெண்ணுடன் "எந்த முறைகேடும் இல்லை" என்ற வரி அந்த அறையில் எழுதியது.

அந்த அறையில் மூன்று தப்பு நடந்தது. முதலாவது, கேள்வி கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் அவர் தப்பிக்க வேண்டும் என்று நினைத்தவர்கள். கீலருக்கு அவர் எழுதிய கடிதம் "டார்லிங்" என்று தொடங்கியது. மனைவி நடிகை, அந்த வட்டாரத்தில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்ற விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொள்ள ஆசை இருந்தால் எதையும் ஏற்றுக்கொள்ளலாம். இரண்டாவது, கடிதம் ஏற்கெனவே ஒரு ஞாயிறு பத்திரிகையின் கையில் இருந்தது. எதிராளியிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று தெரியாமல் மறுப்பது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது. அதுவும் பந்தியில் எதிரே இருப்பவன் தட்டில். மூன்றாவது, பிரதமர் மேக்மில்லன் கடைசி வரைக்கும் நேருக்கு நேர் கேட்கவில்லை. மேலே மெக்கரியைப் பாராட்டியிருக்கிறார் நண்பர். ஊழியருக்குச் சரி. தலைவர் அப்படி இருந்தால், பிறகு "உமக்கே தெரியாதா?" என்பதுதான் அவர் மேல் குற்றச்சாட்டாகும்.

அவையில் தனிப்பட்ட அறிக்கைக்கு மரபுப்படி விவாதமும் கிடையாது, துணைக் கேள்வியும் கிடையாது. அந்தச் சலுகைதான் வினையானது. கேள்வி கேட்காமல் நம்பிய அவையிடம் பொய் சொன்னால் அந்த அவை விடாது. ஜூன் தொடக்கத்தில் ராஜினாமா செய்தபோது காரணம் உறவு இல்லை, அவையைத் தவறாக நம்பவைத்தது. செப்டம்பரில் வந்த நீதிபதி டென்னிங்கின் விசாரணை அறிக்கை பாதுகாப்பு ரகசியம் எதுவும் கசியவில்லை என்றது. அதாவது, கீலருக்கு ஒரு சோவியத் அதிகாரியோடும் பழக்கம் என்பதால் எந்தப் பயத்தில் விவகாரம் பெரிதானதோ அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. பொய்க்கு மட்டும் ஆதாரம் இருந்தது.

இனி வழக்கு. ப்ரொஃப்யூமோ அதே அறிக்கையில், வெளியே யாராவது இதைச் சொன்னால் வழக்குப் போடுவேன் என்றார். மிரட்டலோடு நிறுத்தினால் சில மாதம் வாங்கித் தரும். நிஜமாகவே கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஜெஃப்ரி ஆர்ச்சர் கன்சர்வேட்டிவ் கட்சியின் துணைத் தலைவர். 1986இல் விக்டோரியா ரயில் நிலையத்தில் இடையாள் மூலம் ஒரு பாலியல் தொழிலாளியிடம் 2,000 பவுண்டு உறை கொடுக்கப்பட்டது வெளியானது. பதவியை விட்டார், ஆனால் ஒரு பத்திரிகை மேல் வழக்குப் போட்டு 1987 ஜூலையில் 5,00,000 பவுண்டு வென்றார். பதினான்கு ஆண்டு கழித்து, 2001 ஜூலையில், அந்த வெற்றிக்காகத் தயாரித்த பொய் நாட்குறிப்பும் பொய்ச் சாட்சிக்கான ஏற்பாடும் அவரை நான்கு ஆண்டு சிறைக்கு அனுப்பின. லண்டன் மேயர் வேட்பாளர் ஆனதும்தான் பழைய நண்பர் வாய் திறந்தார். ஜெயித்த வழக்கு மூடிய வழக்கு இல்லை.

பிரிட்டிஷ் முன்னாள் அமைச்சர் ஜொனாதன் ஐட்கெனுடையது பாலியல் விவகாரம் இல்லை, பாரிஸில் ஒரு ஹோட்டல் பில்லை யார் கட்டினார்கள் என்பது. ஆனாலும் பாடம் அங்கேதான் துலக்கமாக இருக்கிறது. மனைவி கட்டினார் என்றார். மனைவி அந்த நாளில் பாரிஸிலேயே இல்லை என்று விமான நிறுவன, வாடகைக் கார் பதிவுகள் காட்டின. 1997 ஜூனில் வழக்கு விசாரணை நடுவிலேயே சரிந்தது. பதினேழு வயது மகளிடமும் பொய் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார். 1999இல் பதினெட்டு மாதச் சிறை. காரணம் எளிது: மான நஷ்ட வழக்குப் போட்டவுடன் எதிர்த்தரப்புக்கு ஆவணங்களைக் கேட்டு வாங்கும் உரிமை வந்துவிடுகிறது. நிருபருக்குக் கிடைக்காத பில்லை நீங்களே அவர் வக்கீலுக்குத் திறந்துவிடுகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:

ரெண்டு பேரும் வார்த்தை வார்த்தையா அலசியிருக்கீங்க, அருமை. ஆனா வடக்குவீதி சாரோட புதிருக்கு விடை வார்த்தையில இல்லை. மாட்டிக்கிட்ட அரசியல்வாதி போனா அந்த நாற்காலியில யார் உட்காருவாங்க? அதை மொதல்ல பாருங்க.

ஸ்பிட்சரும் டேவிட் விட்டரும் ஏறக்குறைய ஒரே தப்பு. எட்டு மாச இடைவெளி. விட்டர் லூசியானா செனட்டர், குடியரசுக் கட்சி. 2007 ஜூலையில வாஷிங்டன்ல ஒரு விபசார ஏஜென்சியோட போன் பட்டியல்ல அவர் நம்பர். "பெரிய பாவம் பண்ணிட்டேன், மனைவியும் கடவுளும் மன்னிச்சாச்சு"னு ஒரு அறிக்கை, ஒரு வாரம் தலைமறைவு, அப்புறம் மனைவியோட வந்து நின்னு கேள்வி வாங்காம போயிட்டார். 2010ல 57 சதவீதம் ஓட்டு. ஏன் கட்சி விரட்டலை? அவர் விலகினா மாற்று செனட்டரை நியமிக்கிற அதிகாரம் ஆளுநர் கேத்லீன் பிளாங்கோ கையில, அவர் ஜனநாயகக் கட்சி. அந்த போன் கால் எல்லாம் 1999-2001 காலத்தது, வழக்குக் காலமும் தாண்டியாச்சு. நியூயார்க்ல ஸ்பிட்சர் போனா துணை ஆளுநர் டேவிட் பேட்டர்சன், அதே கட்சி. யாருக்கும் நஷ்டமில்லை. மேல, ஸ்பிட்சர் அரசு தலைமை வழக்கறிஞரா இருந்தப்ப விபசாரக் கும்பல்களைப் பிடிச்சவர், ஆளுநரா வந்து வாடிக்கையாளருக்குத் தண்டனையைக் கூட்டுற சட்டத்துல 2007ல கையெழுத்துப் போட்டவர். எதிர்க்கட்சி 48 மணி நேர கெடு வெச்சு கண்டனத் தீர்மானம்னு மிரட்டினப்ப சொந்தக் கட்சியில முட்டுக்கொடுக்க ஆளில்லை.

(விட்டர் முதல்ல காங்கிரஸுக்கு வந்த தொகுதி எது தெரியுமா? கிளின்டன் கண்டனத் தீர்மானம் அன்னிக்கு, தன்னோட கள்ள உறவு வெளிய வந்ததால விலகுறேன்னு அறிவிச்ச பாப் லிவிங்ஸ்டன் தொகுதி. அது வேற கதை.)

வர்ஜீனியா ஆளுநர் ரால்ஃப் நார்த்தம் இன்னும் சுத்தமான உதாரணம். 2019 பிப்ரவரி 1: அவரோட மருத்துவக் கல்லூரி ஆண்டு மலர்ல, அவர் பக்கத்துல, கறுப்பினத்தவரைக் கேலி பண்ற மாதிரி முகத்துல கருப்பு பூசின ஒரு படம். ராத்திரி மன்னிப்பு. மறுநாள், அது நான் இல்லை, ஆனா வேற ஒரு தடவை முகத்துல பூட்ஸ் பாலிஷ் பூசினேன்னு பேட்டி. இதைவிடக் கெட்ட ஒரு பதிலை எழுதிக் காட்ட முடியாது. மொத்தக் கட்சியும் போகச் சொல்லுச்சு. ஆனா அடுத்த இடத்துல இருந்த துணை ஆளுநர் மேல பாலியல் தாக்குதல் புகார், அதுக்கு அடுத்த தலைமை வழக்கறிஞர் நானும் முகத்துல பூசினேன்னு ஒப்புக்கொண்டார், மூணாவதா இருந்த சபாநாயகர் குடியரசுக் கட்சி. அவ்ளோதான், சத்தம் அடங்கிடுச்சு. 2022 ஜனவரி வரைக்கும் முழு பதவிக்காலம் இருந்துட்டுப் போனார்.

தென் கரோலினாவுல மார்க் சான்ஃபோர்டு. 2009 ஜூன்ல ஆளுநரையே காணோம், மலையேறப் போயிருக்கார்னு ஆபீஸ் சொல்லுது, மனுஷன் அர்ஜென்டினாவுல காதலியோட. விமான நிலையத்துல நிருபர் பிடிச்சார். அவரும் முடிக்கிற வரைக்கும் இருந்தார். அவர் போனா துணை ஆளுநர் ஆந்த்ரே பாயர் ஆளுநர் நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டே 2010 தேர்தல சந்திப்பார். சொந்தக் கட்சியிலேயே ஆளுநர் ஆசை இருந்தவங்களுக்கு அது பிடிக்கலை.

எப்பவும் இப்படித்தான்னு சொல்லலை. 2011ல ஜனநாயகக் கட்சிக்காரங்க தங்களோட காங்கிரஸ் உறுப்பினர் ஆந்தனி வீனரை விரட்டினாங்க, செப்டம்பர் இடைத்தேர்தல்ல அந்தத் தொகுதியே கைவிட்டுப் போச்சு. கணக்கைத் தப்பாப் போட்டாங்க. ஆனா கணக்குப் போடாம இல்லை.

வடக்குவீதி:

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் சொல்வது கட்சி ஏன் விடுகிறது, ஏன் தள்ளுகிறது என்பதை விளக்குகிறது. ஆனால் ஆஷ்டவுன்? சிறிய கட்சி, தலைவர் போனால் இன்னொரு தலைவர், ஆட்சி கவிழாது. அவர் ஏன் நின்றார்? மேடை, மனைவி பற்றி யாரும் இன்னும் தொடவில்லையே.

ஒலிவாங்கி:

ஆஷ்டவுன் முதலில். 1992 பிப்ரவரி, பொதுத்தேர்தலுக்கு இரண்டு மாதம். வக்கீல் அலுவலகத்தில் இருந்து ஒரு குறிப்பைத் திருடியிருந்தார்கள். அதில் ஐந்து ஆண்டுக்கு முன் தன் செயலருடன் இருந்த ஐந்து மாத உறவு. அவரே நிருபர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு சங்கதி அவருக்கு உதவியது: உறவு எப்போதோ முடிந்தது, மனைவி அவரைக் கைவிடவில்லை. முடிந்துபோன, வீட்டை உடைக்காத, அரசுப் பணம் சேராத உறவு. இதற்கு ஒப்புதல் எடுபடும், ஏனென்றால் அடுத்த நாள் எழுத ஒன்றும் மிச்சமில்லை. 'சன்' பத்திரிகை அவர் பெயரை அவிழ்ந்த பேன்ட்டோடு சேர்த்து ஒரு தலைப்பு போட்டுச் சிரித்தது, அத்தோடு சரி. 1999 வரை தலைவராக இருந்தார்.

ஸ்பிட்சரை இந்தப் பட்டியலில் "ஒப்புக்கொண்டவர்" என்று போட்டது சரியில்லை. மார்ச் 10 அறிக்கை ஒரு நிமிடச் சொச்சம். குடும்பத்துக்கும் பொதுமக்களுக்கும் செய்த கடமையில் தவறினேன் என்றார். எதில் தவறினார் என்று சொல்லவேயில்லை. கேள்வியும் வாங்கவில்லை. பொருள் இல்லாத மன்னிப்பு விசாரணையைக் கூப்பிட்டு உட்காரவைக்கிற மாதிரி.

மேடை விஷயத்தில் கைக்கு உதவும் சில.

எந்த வரியைச் சொன்னாலும், அடுத்து வரப்போகும் படத்தையும் பில்லையும் அது தாங்க வேண்டும். 2011 மே 27 இரவு வீனரின் ட்விட்டர் கணக்கில் இருந்து போன ஆபாசப் படத்துக்கு, யாரோ கணக்கை ஹேக் செய்துவிட்டார்கள் என்றார். ஜூன் 1 அன்று பேட்டிகளில், அது உங்கள் படமா என்று கேட்டால் "உறுதியாகச் சொல்ல முடியாது". ஹேக் என்றால் அடுத்த கேள்வி தானாக வரும்: போலீஸில் புகார் கொடுத்தீர்களா? கொடுக்கவில்லை. புகார் கொடுக்க முடியாத பொய்யைச் சொல்லவே கூடாது. ஜூன் 6 ஒப்புதல், ஜூன் 16 ராஜினாமா.

மன்னிப்பையும் தாக்குதலையும் ஒரே பேச்சில் கலக்காதீர்கள். கிளின்டன் ஆகஸ்ட் 17 இரவு நான்கு நிமிடச் சொச்சம் பேசினார், அதிலேயே விசாரணையையும் திட்டினார். மறுநாள் செய்தி அந்தக் கோபம்தான். செப்டம்பர் 11 காலை பிரார்த்தனைக் கூட்டத்தில், போதுமான அளவு வருந்தவில்லை என்று அவரே சொல்லி மறுபடி மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அதே நாள் ஸ்டார் அறிக்கை இணையத்தில்.

பொதுவான கொள்கைக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். 1987 மே, அமெரிக்க அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த காரி ஹார்ட், கள்ள உறவுச் செய்தியில் சிக்கியிருந்த நேரம். நியூ ஹாம்ப்ஷயரில் நிருபர் கூட்டம். கள்ள உறவு ஒழுக்கக்கேடு என்று நினைக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. ஆம் என்றார். அடுத்தது: நீங்கள் செய்திருக்கிறீர்களா? அதற்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை என்றார். முதல் கேள்விக்கு அந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் பிடி இருந்திருக்கும். இரண்டாவதற்குச் சொன்னபோது அது ஒப்புதலாகிவிட்டது. இரண்டு நாளில் போட்டியை விட்டார்.

பதில் சொல்ல மறுப்பதென்றால் அப்போதைய பிரெஞ்சு அதிபர் ஒலாந்து செய்தது போல. 2014 ஜனவரியில், ஹெல்மெட் போட்டு ஸ்கூட்டரில் ஒரு நடிகையைச் சந்திக்கப் போவதை ஒரு பத்திரிகை படமாகப் போட்டது. நான்கு நாளில் அதிபரின் எலிசே மாளிகையில் முன்பே குறித்திருந்த நிருபர் கூட்டம். முதல் கேள்வியே துணைவி பற்றி. தனிப்பட்ட விஷயம் தனியாகத் தீர்க்கப்படும், பிப்ரவரி அமெரிக்கப் பயணத்துக்கு முன் தெளிவாகச் சொல்கிறேன் என்றார். மறுத்ததோடு ஒரு தேதியும் கொடுத்தார். ஜனவரி 25 அன்று பிரிவை அறிவித்தார். அந்த இடைவெளியில் பொருளாதாரத் திட்டம் பற்றி எழுத நிருபர்களுக்கு வேலை இருந்தது. பிரான்சில் தனிமனித வாழ்க்கைக்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பதால் இது அங்கே செல்லுபடியாகிறது, அமெரிக்காவில் எடுபடாது.

மனைவி விஷயம். ஸ்பிட்சர் பக்கத்தில் மனைவி நின்ற அந்தப் படம்தான் இன்றுவரை அவர் முகம். அவர் பேசியது யாருக்கும் ஞாபகமில்லை, அவர் மனைவி முகம் எல்லாருக்கும் ஞாபகம். அடுத்த ஆண்டு சான்ஃபோர்டு மனைவி நிற்க மறுத்தார், அவருக்கு மரியாதை கூடியது. 1992இல் கள்ள உறவு வெளியான பிரிட்டிஷ் அமைச்சர் டேவிட் மெல்லர் மாமியார் வீட்டு கேட்டில் மனைவி, குழந்தைகள், மாமனார் மாமியாரோடு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார். அது கேலிச் சின்னமானது. மனைவியால் உதவி கிடைத்த ஒரே இடம் என்று நான் சொல்வது நார்த்தம் கூட்டம். மைக்கேல் ஜாக்சன் வேடத்தில் ஆடினேன் என்றவரிடம், இன்னும் அந்த நடனம் ஆடத் தெரியுமா என்று ஒரு நிருபர் கேட்டார். மனிதர் இடம் இருக்கிறதா என்று அக்கம்பக்கம் பார்க்கிறார்! மனைவி மெதுவாக, இது அதற்கான சூழ்நிலை இல்லை என்றார். அவரும் அதையே திருப்பிச் சொல்லி நிறுத்தினார். ஆடியிருந்தால் கணக்குப்பிள்ளையின் கணக்கும் காப்பாற்றியிருக்காது.

பழையநாளிதழ்:

மெல்லர் பற்றி ஒரு சேர்க்கை. கேலிக்குப் பிறகும் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார். செப்டம்பரில் போனது உறவினால் இல்லை. குடும்பத்தோடு போன விடுமுறைச் செலவை வேறொருவர் ஏற்றது தெரிந்ததால்.

பணம் சேர்ந்தால் ஒப்புதல் உதவாது. நெவாடா செனட்டர் ஜான் என்சைன் 2009 ஜூனில் தானாகவே உறவை ஒப்புக்கொண்டார், ஆஷ்டவுன் மாதிரி. ஆனால் அந்தப் பெண்ணின் கணவர் அவருடைய ஊழியர். என்சைனின் பெற்றோர் அந்தக் குடும்பத்துக்கு 96,000 டாலர் "பரிசு" கொடுத்திருந்தார்கள், அந்தக் கணவருக்கு லாபி வேலையும் பிடித்துக் கொடுத்திருந்தார். செனட் நெறிமுறைக் குழு அதைப் பிடித்தது. 2011 மேயில் வெளியே.

பணத்துக்கும் உறவுக்கும் நடுவிலான இந்தக் கோட்டை முதலில் புரிந்துகொண்டவர் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சராக இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டன். 1797இல் அரசு நிதியை வைத்துச் சூதாடினார் என்று குற்றச்சாட்டு. அவர் 95 பக்கத்துக்கு ஒரு சிறுநூல் அச்சிட்டு, அந்தப் பணம் கள்ள உறவுக்காகப் பெண்ணின் கணவன் மிரட்டிப் பறித்தது, என் சொந்தப் பணம் என்று கடிதங்களோடு வெளியிட்டார். நிதி மேல் இருந்த களங்கம் போனது. அதிபர் ஆகும் வாய்ப்பும் அதோடு போனது. 95 பக்கம் அதிகம் என்பது என் கட்சி.

குறுக்குவிசாரணை:

ஹார்ட் பற்றி ஒரு திருத்தம், ஏனென்றால் இது எல்லா இடத்திலும் தப்பாகச் சுற்றுகிறது. "என் பின்னாலேயே வாருங்கள், சலிப்புத்தான் வரும்" என்று அவர் சவால் விட்டதால்தான் நிருபர்கள் பின்தொடர்ந்தார்கள், நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். உண்மையில் மயாமி நிருபர்கள் வேறு துப்பின் பேரில் முன்பே வீட்டு வாசலில் நின்றார்கள். சவால் வந்த பேட்டியும் அவர்கள் செய்தியும் 1987 மே 3 அன்று ஒரே நாளில் அச்சில் வந்தன. சவால் அவரைப் பிடித்துக் கொடுக்கவில்லை. பிடிபட்ட பிறகு தப்பவிடாமல் செய்தது.

அதனால் அறிக்கை எழுத உட்காருமுன் செய்ய வேண்டிய முதல் வேலை, தலைவரின் பழைய பேச்சுகளைத் தேடுவது. அதே தப்பைச் செய்த மற்றவர்களைப் பற்றி இவர் என்ன சொல்லியிருக்கிறார்? பிரிட்டிஷ் சுகாதார அமைச்சர் மேட் ஹேன்காக், 2021 ஜூனில் அலுவலகத்தில் உதவியாளரை அணைத்த படம் வந்ததும், உறவுக்கு இல்லாமல் சமூக இடைவெளி விதியை மீறியதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டார். பிரதமரும் விஷயம் முடிந்தது என்றார். மறுநாளே ராஜினாமா. ஏனென்றால் 2020 மே 6 அன்று, காதலியை வீட்டுக்கு வரவழைத்து ஊரடங்கை மீறிய அரசு ஆலோசக விஞ்ஞானி ஒருவரைப் பற்றி, வாயடைத்துப் போனேன், போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று தொலைக்காட்சியில் சொன்னவர் இவர். அணைப்புப் படத்தின் கேமரா தேதி 2021 மே 6.